பிரிவலன்ஸ் என்றால் "பரவல்" இல்லை

ஹெபடைடிஸ் பற்றி எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் "நோய்ப் பரவல் இத்தனை விழுக்காடு" என்றே இருக்கிறது. ஆங்கிலத்தில் பிரிவலன்ஸ் (prevalence) என்பதைத்தான் இப்படி எழுதுகிறார்கள். மருத்துவத்தில் அது சொல்வது, ஒரு குறிப்பிட்ட சமயத்தில் மக்களில் எத்தனை பங்கு பேரிடம் நோய் இருக்கிறது என்பதை. எப்போது தொற்றியது என்பது கணக்கிலேயே வராது.

பரவல் என்பதோ ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போவது. "பரவலாக இருக்கிறது என்கிறோமே, அது நிலைமையைத்தானே குறிக்கிறது" என்று வாதாடுகிறார்கள். சரி, "பரவலாக" அப்படித்தான். ஆனால் "பரவல் கூடியது" என்று எழுதிப் பாருங்கள், புதிதாகப் பலருக்குத் தொற்றிவிட்டது என்றுதான் யாரும் படிப்பார்கள். எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து வந்தபின் நோயாளிகள் நெடுநாள் வாழ்கிறார்கள், அதனால் புதுத் தொற்று குறைந்த இடத்திலும் பிரிவலன்ஸ் ஏறலாம். அதைப் "பரவல் அதிகரிப்பு" என்று தலைப்பிட்டால் நல்ல செய்தி கெட்ட செய்தியாகிவிடுகிறது. நீரிழிவுக்கும் "பரவல்" போடுகிறார்கள், அது யாரிடமிருந்து யாருக்குத் தொற்றுகிறது?

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், 2022-இல் ஹெபடைடிஸ் பி தொற்றோடு வாழ்ந்தவர்கள் 25.4 கோடி, ஆண்டுக்குப் புதிதாகத் தொற்றுவது சுமார் 12 லட்சம் பேருக்கு. முன்னது பிரிவலன்ஸ் கணக்கு, பின்னது இன்சிடென்ஸ் (incidence), அதாவது புதிதாகத் தொற்றியவர்களின் கணக்கு. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டு வாசகர் பிரித்தறிய வேண்டும் என்றால் எப்படி?

நான் "தொற்றிருப்பு விழுக்காடு" என்றே எழுதுகிறேன், தொற்றாத நோய் என்றால் "நோயிருப்பு". கணக்கு எழுதுகிறவர்கள் சொல்லும் கையிருப்பில் உள்ள அதே இருப்புதான். இன்சிடென்ஸுக்குப் "புதுத்தொற்று வீதம்" போதும், வீதம் என்றால் இத்தனை காலத்தில் என்ற கணக்கு கூடவே வரவேண்டும்.

அப்புறம் சீரோபிரிவலன்ஸ் (seroprevalence), அதாவது இரத்தத்தின் ஊநீரைச் சோதித்தால் தொற்றின் தடயம் தென்படுபவர்களின் பங்கு. அகராதியைப் பார்த்து "ஊநீர்ப் பரவல்" என்று போட்டுவிடுகிறார்கள், மொழிபெயர்ப்பவர் சோதனை என்ன என்று ஒரு நிமிடம் விசாரித்திருக்கலாம். ஹெபடைடிஸ் சி-யில் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) இருந்தால் எப்போதோ தொற்றியிருக்கிறது என்றுதான் அர்த்தம். ஏறக்குறைய 30 விழுக்காட்டினருக்கு ஆறு மாதத்துக்குள் வைரஸ் தானாகவே போய்விடும், எதிர்ப்பொருள் மட்டும் தங்கிவிடும். இப்போதும் வைரஸ் இருக்கிறதா என்று வைரஸின் மரபுப்பொருளையே தேடும் ஆர்.என்.ஏ. சோதனைதான் சொல்லும். ஆகவே இதற்குத் "தொற்றிருப்பு" என்றும் போடக்கூடாது, "எதிர்ப்பொருள் இருப்பு" என்றே எழுத வேண்டும்.