இஸ்நியூமெரிக்கிடம் வகையைக் கேட்காதீர்கள்

எஸ்க்யூஎல் சர்வர் தரவுத்தளத்தில் இந்த மாதமும் அதே புகார் ஒன்று வந்துவிட்டது. வாடிக்கையாளரின் கைபேசி எண்ணைத் தேடும் வினவல். நேற்றுவரை ஓடியது, இன்று வார்சாரை (எழுத்து வகை) நியூமெரிக்காக (எண் வகை) மாற்ற முடியவில்லை என்று நின்றுவிட்டது. யாரோ ஒருவர் எண்ணுக்கு நடுவில் கோடு போட்டுச் சேமித்திருக்கிறார். நெடுவரிசை வார்சார், வினவலிலோ பத்து இலக்கங்களையும் மேற்கோள் குறி இல்லாமல் எழுதியிருக்கிறார்கள். எஸ்க்யூஎல் சர்வரில் எழுத்தும் எண்ணும் மோதினால் எழுத்துதான் எண்ணாக மாற வேண்டும். அதாவது அட்டவணையின் ஒவ்வொரு வரியும் மாற வேண்டும். விரைவாகத் தேட உதவும் இண்டெக்ஸ் இருந்தும் வீண். கைபேசி எண்ணைக் கூட்டப்போகிறீர்களா, பெருக்கப்போகிறீர்களா? வார்சாராகவே எழுதித் தொலையுங்களேன்!

வினவலில் மதிப்பைத் தாங்கி நிற்கும் மாறிக்கும் நெடுவரிசை போலவே வகை உண்டு. "மாறியின் வகையைப் பார்த்தீர்களா?" என்று கேட்டால் வரும் பதில்தான் எரிச்சலூட்டுகிறது. "பார்த்தோம் சார், இஸ்நியூமெரிக் 1 தந்தது."

இஸ்நியூமெரிக் என்ற செயற்கூறு வகையைச் சொல்வதே இல்லை. உள்ளே இருக்கும் மதிப்பை ஏதாவது ஓர் எண் வகையாக மாற்ற முடியுமா என்பதற்குத்தான் பதில் சொல்கிறது; 1 என்றால் முடியும். வார்சார் மாறியில் '123' வைத்துக் கேட்டாலும் 1, இன்ட் (முழு எண்) மாறியில் 123 வைத்துக் கேட்டாலும் 1. இதை வைத்து வகையை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? வெறும் டாலர் குறியைக் கொடுத்துப் பாருங்கள், அதற்கும் 1. ஒற்றைக் கழித்தல் குறிக்கும் 1. அந்த 1-ஐ நம்பி டாலர் குறியை இன்ட்டாக மாற்றச் சொன்னால் பிழைதான் வரும். மாற்ற முடியுமா என்பதுதான் கேள்வி என்றால், 2012 பதிப்பிலேயே மாற்றிப் பார்த்துச் சொல்லும் டிரை_கன்வெர்ட் வந்துவிட்டது. வெற்றுச் சரத்தை இன்ட்டாக மாற்றினால் 0 தரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

வகைதான் தெரிய வேண்டும் என்றால் எஸ்க்யூஎல்_வேரியன்ட்_பிராப்பர்ட்டி என்ற செயற்கூறு இருக்கிறது. மாறியையும் 'பேஸ்டைப்' என்பதையும் கொடுத்தால் வகையின் பெயரே வரும். மாறிக்கு மதிப்பு கொடுத்த பிறகு கேளுங்கள்; காலியாக இருந்தால் பதிலும் காலி. மிக நீளமான எழுத்துக்கான வார்சார் மேக்ஸை இது ஏற்காது. இன்ட்டின் எல்லையை ஒன்று தாண்டும் 2147483648 என்பதை நேரடியாக எழுதிக் கேட்டுப் பாருங்கள்: பிக்இன்ட் (பெரிய முழு எண்) என்று பந்தயம் கட்டுபவர்கள் தோற்பார்கள், வருவது நியூமெரிக். போஸ்ட்கிரெஸ் என்ற வேறு தரவுத்தளத்தில் வேலை செய்பவர்களுக்கு வகையை நேரடியாகச் சொல்லும் பிஜி_டைப்ஆஃப் இருக்கிறது, அவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

தமிழ்ப் பெயர்களைக் கையாள்பவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். வகையோடு நீளத்தையும் பாருங்கள். நீளம் குறிப்பிடாமல் என்வார்சார் (யூனிகோட் எழுத்து வகை) என்று மட்டும் அறிவித்து 'கோவை'யைப் போட்டால் 'க' மட்டுமே மிஞ்சும். எந்தப் பிழைச்செய்தியும் வராது. எஸ்க்யூஎல்_வேரியன்ட்_பிராப்பர்ட்டியிடம் 'மேக்ஸ்லெங்த்' என்று கேட்டால் 2 பைட் என்று உண்மையைச் சொல்லிவிடும். மேற்கோள் குறிக்கு முன்னால் 'என்' (N) எழுத்தை விட்டுவிட்டால், வழக்கமான லத்தீன் கொலேஷனில் (எழுத்துகளைக் கையாளும் அமைப்பு) தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகத்தான் சேமிக்கப்படும். மாறி என்வார்சாராக இருந்தாலும் காப்பாற்றாது, ஏனென்றால் மாறிக்கு வந்து சேரும் முன்பே எழுத்துகள் போய்விடுகின்றன. சேமித்த பின் அவற்றை மீட்க வழியே இல்லை, தயவுசெய்து என்னிடம் கேட்காதீர்கள்.