மூச்சு வாங்குகிறது, ரிப்போர்ட் எல்லாம் நார்மல்: அடுத்து எங்கே தேடுவது?

பொள்ளாச்சி, ஆனைமலை, கோபாலபுரம் பக்கமிருந்தும், கேரள எல்லை தாண்டி மீனாட்சிபுரம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கமிருந்தும் மூச்சு வாங்குகிறது என்று வருகிறவர்களில் பலர் தடித்த ஃபைலோடு வருகிறார்கள். எக்ஸ்ரே, ஈசிஜி, எக்கோ, ரத்தப் பரிசோதனை எல்லாம் அதில் இருக்கும். எல்லாமே நார்மல். ஒரு டாக்டர் ஆஸ்துமா என்றிருப்பார், இன்னொருவர் கேஸ் டிரபிள் என்றிருப்பார், மூன்றாமவர் டென்ஷன் என்று தூக்க மாத்திரை எழுதியிருப்பார்.

அந்த ஃபைலில் பெரும்பாலும் இரண்டு தாள்கள் இருக்காது. ஒன்று ஸ்பைரோமெட்ரி, அதாவது குழாயில் ஊதவைத்து நுரையீரல் காற்றை அளக்கும் சோதனை. மற்றது, நடக்கும்போது எடுத்த ஏதாவது ஓர் அளவு. நடந்தால் மட்டுமே மூச்சு வாங்குகிறவரைப் படுக்கவைத்தும் உட்காரவைத்தும் சோதித்தால் நார்மல் என்று வராமல் வேறென்ன வரும்? நான்கு வாரத்துக்கு மேல் நீடிக்கிற மூச்சு வாங்கலை, அது எப்போது வருகிறதோ அந்த நேரத்தில் வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

எப்போது, என்ன செய்யும்போது

"மூச்சு வாங்குதுங்க" என்பதோடு நிறுத்தாமல் எவ்வளவு என்று சொல்லுங்கள். மருத்துவர்கள் 0 முதல் 4 வரை ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். கடுமையான வேலையில் மட்டும் வாங்கினால் 0. வேகமாக நடந்தாலோ லேசான மேடு ஏறினாலோ வாங்கினால் 1. சமதரையில் ஒத்த வயதுக்காரர்களோடு ஈடுகொடுத்து நடக்க முடியாவிட்டால் 2. நூறு மீட்டர் நடந்ததும் நிற்க வேண்டியிருந்தால் 3. சட்டை மாட்டுவதற்கே வாங்கினால் 4. தென்னை ஏறுகிறவர்களிடம் இந்தக் கேள்வியே தேவையில்லை. போன வருடம் எத்தனை மரம், இந்த வருடம் எத்தனை மரம் என்று கேட்டாலே போதும். அவர்கள் மூச்சுக் குறைவை முதலில் கண்டுபிடிப்பது மரத்தில்தான்.

நேரமும் நிலையும் நிறையச் சொல்லும். படுத்ததும் வாங்கி, எழுந்து உட்கார்ந்தால் தணிந்தால் முதலில் இதயத்தைப் பார்க்க வேண்டும். படுத்த மறுநிமிடமே வாங்குகிறது, கிணற்றிலோ வாய்க்காலிலோ நெஞ்சளவு தண்ணீரில் இறங்கினாலும் முட்டுகிறது என்றால் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானத் தசை பலவீனமாக இருக்கலாம். இதற்கு ஸ்பைரோமெட்ரியை உட்காரவைத்து ஒருமுறை, படுக்கவைத்து ஒருமுறை எடுக்கவேண்டும். படுக்கும்போது அளவு 20, 25 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் சந்தேகம் வலுக்கும். இந்தச் சோதனையைக் கேட்டு வாங்காவிட்டால் யாரும் தாமாகச் செய்வது அரிது. விடியற்காலையில் இருமலோடு எழுப்பினால் ஆஸ்துமாவாக இருக்கலாம். இழுக்கும்போது மட்டும் தொண்டைக் குழியில் அடைத்து, சில நிமிடத்தில் தானாக விட்டால் குரல்நாண் தவறாக மூடிக்கொள்வதாக இருக்கலாம். இன்ஹேலரை எத்தனை முறை அடித்தாலும் அது கேட்காது.

வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனை

கோவிட் காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் பல வீடுகளில் அலமாரியில் கிடக்கிறது. அதை எடுங்கள். நகப்பூச்சும் மருதாணியும் இல்லாத விரல், கை சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு மாட்டுங்கள். முதல் அரை நிமிடம் காட்டுவதை விட்டுவிட்டு, ஆக்ஸிஜன் எண் நிலைத்த பிறகு குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கைப்பிடி இல்லாத, ஒன்றரை அடி உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஒரு நிமிடம் எழுந்து உட்கார்ந்து எழுங்கள். எத்தனை முறை என்று எண்ணுங்கள். முடிந்ததும் மீட்டரைக் கழற்றிவிடாதீர்கள். பலருக்கு ஆக்ஸிஜன் இறங்குவது நிறுத்திய பிறகு வரும் அந்த ஒரு நிமிடத்தில்தான். 97-இல் தொடங்கி 93-க்கோ அதற்கும் கீழோ வந்தால், அதாவது 4 புள்ளி இறங்கினால், எக்ஸ்ரே நார்மலாக இருந்தாலும் அதை நம்பி இருந்துவிடக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே 94-க்குக் கீழ் இருப்பவர்கள், நெஞ்சுவலி உள்ளவர்கள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள் இதை வீட்டில் செய்ய வேண்டாம். மற்றவர்களும் பக்கத்தில் ஓர் ஆளை வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

எண் இறங்கவில்லை என்பதால் நோயில்லை என்றும் ஆகாது. ரத்தசோகையில் ஆக்ஸிமீட்டர் 99 காட்டும். இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்றுதான் அது சொல்லும். ஹீமோகுளோபின் எவ்வளவு என்று சொல்லாது. மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகிற பெண்கள் ஹீமோகுளோபின் 7, 8-ஐ வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் வீட்டுவேலை, காட்டுவேலை எல்லாம் செய்துவிடுகிறார்கள். பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13-க்குக் கீழே போனால் ரத்தசோகை. எல்லாவற்றுக்கும் முந்தி இதையும் தைராய்டையும் பார்த்துவிடுவது செலவையும் அலைச்சலையும் மிச்சப்படுத்தும்.

எடுத்த டெஸ்டே சரியாக எடுக்கப்பட்டதா?

ஸ்பைரோமெட்ரியில் கெட்டுப்போவது பெரும்பாலும் ஊதுகிறவரிடம் இல்லை, ஊதச்சொல்கிறவரிடம். முழுக்க இழுத்து, வாய்க்குழாயை உதட்டால் இறுக்கி, ஒரே வீச்சில் வெடித்தாற்போல் ஊதி, குறைந்தது 6 விநாடி விடாமல் ஊதவேண்டும். இப்படி நல்ல ஊதல் குறைந்தது மூன்று வேண்டும். அவற்றில் சிறந்த இரண்டுக்கும் இடையே 150 மில்லிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. பிறகு மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் 4 பஃப் கொடுத்து, 15 நிமிடம் பொறுத்து மறுபடி ஊதச்சொல்ல வேண்டும். மருந்துக்குப் பிறகும் முதல் விநாடியில் வெளிவரும் காற்று மொத்தக் காற்றில் 70 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் குழாய்களில் நிலையான அடைப்பு. வீட்டில் விறகடுப்பிலும் தேங்காய்த் தொட்டிக்கரிப் புகையிலும் இருந்த பெண்களுக்கு, பீடியே தொடாமல் சி.ஓ.பி.டி. என்கிற நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய் வருவதை இதுதான் காட்டிக்கொடுக்கும். சோதனைக்கு வருமுன் 4 முதல் 6 மணி நேரம் சால்பியூட்டமால் எடுக்காமல் வரவேண்டும். எடுத்துவிட்டு வந்தால் ரிப்போர்ட் நார்மல் என்று வரலாம், ஏமாந்து போவீர்கள்.

'சிடி எடுத்தாச்சு' என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. எந்த சிடி? ரத்தக்கட்டி தேடுவது சாயம் ஏற்றி எடுப்பது. நுரையீரல் திசுவை நுணுக்கமாகப் பார்ப்பது சாயமில்லாத எச்.ஆர்.சி.டி. அதிலும் மூச்சை இழுத்துப் பிடித்து ஒரு தொகுப்பு, முழுக்க விட்டுவிட்டு இன்னொரு தொகுப்பு எடுத்தால்தான் காற்று எங்கே சிக்கிக்கொள்கிறது என்று தெரியும். இழுத்து எடுத்ததோடு நிறுத்திவிட்டால், இந்தப் பகுதியில் நாம் அதிகம் தேடவேண்டிய நோயே கண்ணில் படாமல் போகும்.

அது ஒவ்வாமையால் வரும் நுரையீரல் அழற்சி. இந்தியாவில் 19 நகரங்களின் 27 மையங்களில் 1,084 நோயாளிகளை வைத்துத் தொகுத்து 2017-இல் வெளியான பதிவேட்டில், நுரையீரல் இடைத்திசு நோய்களில் (காற்றறைகளுக்கு நடுவிலுள்ள திசு கெடும் நோய்களில்) 47.3 சதவீதம் இதுவாகத்தான் இருந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஏர்கூலர் காற்றில் இருந்தவர்கள். தண்ணீர் மாற்றாத கூலரின் பாசிபிடித்த பேடு, மாடியில் கட்டியிருக்கும் புறாக்கூண்டு, கூண்டுக்கிளி, இறகுத் தலையணை, மழையில் நனைந்து மக்கிய வைக்கோல், தேங்காய் நார் மில் ஓரம் குவிந்து ஈரத்தில் பூஞ்சை பிடித்த நார்த்தூள், கோழிப்பண்ணை என்று கேட்டுக்கொண்டே போகவேண்டும். புறா பக்கத்து வீட்டுக்காரருடையதாகவும் இருக்கலாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கிற காற்றில் நார்த்தூள் எத்தனை தூரம் பறக்கிறது என்பதைக் நார் உலர்த்தும் களத்துக்குக் கிழக்கே குடியிருப்பவர்கள் சொல்வார்கள். வேலைக்குப் போகாத நாளில், ஊருக்குப் போன வாரத்தில் மூச்சு நன்றாக இருந்ததா? ஆம் என்றால் பாதி நோயைக் கண்டுபிடித்தாயிற்று. நாளாகித் தழும்பாகிவிட்டால் அந்த வித்தியாசம் தெரியாமல் போகும், ஆகவே சீக்கிரம் கேட்பது முக்கியம். துணியைக் கட்டிக்கொண்டால் நுண்தூள் நிற்காது. முகத்தோடு படிகிற என்95 வேண்டும். தூளைப் பெருக்காமல், தண்ணீர் தெளித்து அள்ளவேண்டும். நோய் உறுதியாகிவிட்டால் மாஸ்க் போதாது, வேலையிடத்தையே மாற்றவேண்டியிருக்கும். இதைச் சொல்வது எளிது. கூலிக்குப் போகிற வீட்டில் செய்வது எளிதல்ல என்பதும் தெரியும்.

எக்கோவில் இ.எஃப். 60 என்று போட்டிருப்பதைக் காட்டி 'ஹார்ட் நல்லாருக்கு' என்பார்கள். அது இதயம் சுருங்கும் திறன். விரியும் திறன் கெட்டாலும் மூச்சு வாங்கும். 60 வயதுக்கு மேல், உடல் பருமன், ரத்த அழுத்தம், சர்க்கரை, தாறுமாறான நாடித்துடிப்பு எல்லாம் சேர்ந்திருந்தால் இதயத்தின் சுமையைக் காட்டும் என்டி-புரோபிஎன்பி ரத்தப் பரிசோதனையைப் பாருங்கள். 125-க்குக் கீழ் இருந்தால் இதயச் செயலிழப்புக்கு வாய்ப்புக் குறைவு. பருமனானவர்களுக்கு மட்டும் இந்த எண் பொய்யாகக் குறைந்து வரும். கர்ப்ப காலத்தில்தான் முதன்முதலாக மூச்சு வாங்கியது என்று சொல்கிற இளம்பெண்ணுக்கு இதயத்தின் மைட்ரல் வால்வு சுருக்கத்தை மறக்கக் கூடாது.

மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஸ்டென்ட் வைத்த பிறகு தரும் டிக்காக்ரெலார், அதன் பெரிய ஆய்வில் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவருக்கு மூச்சு வாங்கலைத் தந்தது. நுரையீரலும் இதயமும் நன்றாகவே இருக்கும். ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். மருத்துவர் மாற்று மருந்து தருவார். கண்ணழுத்தத்துக்கு விடும் டிமொலால் சொட்டு ஆஸ்துமாவைக் கிளப்பும். கண் சொட்டுதானே என்று யாரும் சொல்வதில்லை, நாமும் கேட்கத் தவறிவிடுகிறோம். மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட், தாறுமாறான நாடித்துடிப்புக்குத் தரும் அமியோடரோன், சிறுநீர்த் தொற்றுக்கு மாதக்கணக்கில் தரும் நைட்ரோஃபுரான்டாயின் மூன்றும் நுரையீரலைக் கெடுக்கக்கூடியவை.

மூச்சு விடும் முறையே நோயாகும்போது

டிவி பார்த்து உட்கார்ந்திருக்கும்போது காற்று பத்தாதது போல இருக்கும். பெருமூச்சு, கொட்டாவி, விரல் நுனியில் மரமரப்பு, வாயைச் சுற்றிக் கூச்சம். நடந்தால் ஒன்றும் இருக்காது. தேவைக்கு மேல் மூச்சு விட்டு ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோவதால் வருவது இது. இதைச் சரிசெய்ய மூச்சுப் பயிற்சி போதும். ஒரு கை வயிற்றில், ஒரு கை மார்பில். மூக்கால் மெதுவாக இழுக்கும்போது வயிற்றுக்கை மட்டும் எழும்ப வேண்டும். விடும் நேரம் இழுத்ததைவிட நீளமாக இருக்கட்டும். 'ஆழமாக இழு' என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வது தவறான யோசனை, கூடுதலாகத்தான் முட்டும். காகிதப் பையில் மூச்சுவிடுவதும் வேண்டாம். ஆனால் இந்த முடிவுக்கு மற்றதையெல்லாம் பார்த்த பிறகே வரவேண்டும். பெண்கள் வந்தால் எடுத்த எடுப்பில் டென்ஷன் என்று எழுதிவிடும் பழக்கம் எல்லைக்கு இந்தப் பக்கமும் உண்டு, அந்தப் பக்கமும் உண்டு.

பெயர் தெரியும்வரை மூச்சு காத்திருக்காது

காரணம் தேட மாதங்கள் ஆகலாம். ஆறுதலை அன்றே தொடங்கலாம்.

கையடக்க பேட்டரி விசிறியை முகத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் காற்றுப் படும்படி வையுங்கள். அங்கிருந்து போகும் நரம்பு குளிர்ந்த காற்றை உணர்ந்து, மூச்சு முட்டும் உணர்வை மூளையில் தணிக்கிறது. பனையோலை விசிறியும் உதவும், வேறொருவர் வீசினால். இதற்குப் பதிலாக ஆக்ஸிஜன் மெஷினை வாடகைக்கு எடுத்துவிடுகிறார்கள். ஆக்ஸிஜன் அளவு இறங்காதவர்களுக்கு மூக்குக்குழாயில் வரும் ஆக்ஸிஜனும் சாதாரணக் காற்றும் ஒரே அளவுதான் உதவின என்று 2010-இல் வெளியான 239 பேர் ஆய்வு காட்டியது. ஓய்விலேயே 88-க்கோ அதற்கும் கீழோ போகிறவர்களுக்குத்தான் அது மருந்து; அவர்களுக்கும் ஒரு நாளில் 15 மணி நேரமாவது வேண்டும்.

மூச்சு முட்டும்போது படுக்காதீர்கள். உட்கார்ந்து முன்னால் சாய்ந்து, முழங்கைகளை முழங்காலில் ஊன்றுங்கள். நிற்க நேர்ந்தால் சைக்கிள் ஹேண்டில்பாரையோ துவைக்கிற கல்லையோ பிடித்துச் சாயுங்கள். தோள் தசைகள் மூச்சுக்கு உதவத் தொடங்கும். உதட்டைக் குவித்து மெதுவாக ஊதி விடுங்கள். குடத்தைத் தூக்கும் கணத்திலும் படியில் காலை ஊன்றும் கணத்திலும் மூச்சை வெளியே விடவேண்டும்; பலர் அப்போது அடக்கிக்கொள்கிறார்கள். குளிக்க ஸ்டூலில் உட்காருங்கள், துவட்டுவதற்குப் பதில் பெரிய துண்டைப் போர்த்திக்கொண்டால் போதும்.

மூச்சு வாங்குகிறதே என்று நடப்பதை நிறுத்துவது அடுத்த சிக்கலைக் கொண்டுவரும். ஓய்வில் கால்தசை சுருங்கும், அதே தூரத்துக்கு முன்பைவிட அதிகக் காற்று கேட்கும். பத்துக்கு மூன்று, நான்கு அளவுக்கு வாங்கும்வரை நடந்து, திணறல் வருமுன்பே நின்று, தணிந்ததும் மறுபடி நடக்கவேண்டும். நாற்காலியில் எழுந்து உட்காருவதை 10 தடவை, மூன்று சுற்று. வாரம் இரண்டு மூன்று நாள் வீதம் 6 முதல் 8 வாரம் பிசியோதெரபிஸ்ட் கண்காணிப்பில் செய்தால் பலன் அதிகம்.

இன்ஹேலர் வைத்திருப்பவர்கள் அதை ஒருமுறை மருத்துவர் எதிரில் எடுத்துக்காட்டுங்கள். பஃப் வகையை மெதுவாக இழுத்து 10 விநாடி அடக்கவேண்டும். ரோட்டாகேப் பொடியை வேகமாக இழுக்கவேண்டும். இரண்டையும் மாற்றிச் செய்கிறவர்கள் நிறைய. ரோட்டாகேப்பைத் தண்ணீரில் விழுங்குகிறவர்களும் உண்டு, மருந்துக்கடையில் யாரும் சொல்லவில்லை என்பார்கள்.

திடீரென்று வந்த திணறல், நெஞ்சுவலி, மயக்கம், ஒரு காலில் மட்டும் வீக்கம், இருமலில் ரத்தம், உதடு நீலம், ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமை: இவற்றில் எது வந்தாலும் 108. எல்லையின் இரு பக்கமும் அதே எண்தான்.

கேரளப் பக்கம் குடியிருப்பவர்கள் குடும்ப ஆரோக்கிய மையத்தில் மூச்சுக்குழாய் நோய்களுக்கான 'சுவாஸ்' கிளினிக் இருக்கிறதா என்று கேளுங்கள். ஊர் மாறி, மாநிலம் மாறிப் பார்க்கிறவர்கள் ரிப்போர்ட்டின் முடிவுத் தாளை மட்டும் கொண்டுவராமல், ஸ்பைரோமெட்ரியின் கோட்டுப்படத்தையும் ஸ்கேன் படங்கள் உள்ள டிஸ்க்கையும் சேர்த்து எடுத்துவாருங்கள். ஃபிலிமில் சுருக்கி அச்சிட்ட நுரையீரலில் மேலே சொன்னபடி காற்று சிக்கிக்கொள்வது தெரியாது.