டயருக்குள் ஒரு பால்மரம்

பினாங்கின் நிபோங் திபாலிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். புதிதாக கிரேவல் சைக்கிள் வாங்கியிருக்கிறாராம். வார இறுதிகளில் கடலோரச் சதுப்புநிலக் காட்டை ஒட்டிய மண்கரையிலும், செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையிலும் ஓட்டுகிறார். லாரித் தொல்லை இல்லை, கார்த் தொல்லை இல்லை. முள் தொல்லை மட்டும் உண்டு. "டியூப் இல்லாத டயருக்குள் கடைக்காரர் வெள்ளையாக ஏதோ ஊற்றினார். முள் குத்தினால் தானே அடைத்துக்கொள்ளும் என்கிறார். பாட்டிலை மோந்து பார்த்த அம்மா, 'இது பால் ஸ்டோர் வாசனைடா' என்றார். உண்மையிலேயே ரப்பர் பால்தானா? அப்படியென்றால் தெரிந்தவர் தோட்டத்தில் ஒரு வாளி வாங்கி ஊற்றிக்கொண்டால் என்ன?"

அம்மா சொன்னது சரி. ரப்பர் தோட்டத்தில் பாலைச் சேர்த்துவைக்கும் இடம்தான் பால் ஸ்டோர்; பால் கட்டாமலிருக்கச் சேர்க்கும் அம்மோனியாவின் நெடிதான் அதன் வாசனை. செயற்கைப் பாலில் செய்யப்படும் திரவங்களும் விற்பனையில் உண்டு. ஆனால் அம்மோனியா நெடி அடிக்கிறது என்றால், அது பெரும்பாலும் நம் தோட்டத்துப் பால்மரத்தின், அதாவது ரப்பர் மரத்தின், பால்தான்.

கிரேவல் சைக்கிளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பந்தய சைக்கிள் போல வளைந்த கைப்பிடி, அதைவிட அகலமான டயர். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற ஊரைச் சுற்றியுள்ள கல்பாதைகளில் 2006இல் தொடங்கிய நெடுந்தூரப் பந்தயம் இந்த வகைக்குப் பெரிய பெயர் வாங்கித் தந்தது. 2022இல் இத்தாலியில் உலக சாம்பியன் போட்டியே நடந்துவிட்டது. 25 மில்லிமீட்டர் பந்தய டயரில் 80 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரை காற்றடிப்பார்கள் என்றால், 40 மில்லிமீட்டர் கிரேவல் டயருக்கு 30, 35 போதும். கல்லும் வேரும் வந்தால் டயர் அமுங்கி அதை விழுங்கிக்கொள்ளும். சைக்கிளும் ஆளும் துள்ளி எழ வேண்டியதில்லை. கரடுமுரடான பாதையில் கல்லாக இறுகிய டயரைவிட இதுதான் வேகமாகவும் ஓடும், ஏனென்றால் ஒவ்வொரு துள்ளலும் நீங்கள் மிதித்த சக்தியைத் தின்றுவிடுகிறது. இந்தக் குறைந்த அழுத்தம் இன்னொரு வேலையும் செய்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பால். மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணமான மங்கில் வடியும் பாலில் ரப்பர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மீதியில் பெரும்பகுதி தண்ணீர். ரப்பர் அதில் கரைந்து இருப்பதில்லை, கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாக மிதக்கிறது. பெரும்பாலான உருண்டைகள் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஒவ்வொன்றின் மேலும் புரதமும் கொழுப்பும் கலந்த மெல்லிய போர்வை. அந்தப் போர்வையில் எதிர்மின்னேற்றம். ஒரே வகை மின்னேற்றம் ஒன்றையொன்று தள்ளும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ரப்பர் உருண்டைகள் எந்நேரமும் அலைந்து மோதப் பார்க்கின்றன. மோதுவதற்கு முன் மின்விசை விலக்கிவிடுகிறது. அதனால்தான் பால் பாலாகவே இருக்கிறது.

அந்த மின்னேற்றத்தைப் பறித்துவிட்டால்? விலக்க ஆள் இல்லை. உருண்டைகள் ஒட்டும், ஒட்டியவை திரளும், திரண்டது ரப்பர். தோட்டத்தில் பால் கட்டுவதற்குப் பார்மிக் அமிலம் ஊற்றுவது இதற்காகத்தான்: அமிலத்தின் நேர்மின் அயனிகள் அந்த எதிர்மின்னேற்றத்தைச் சரிக்கட்டிவிடுகின்றன. அம்மோனியா இதற்கு நேர்மாறு. அமிலம் உருவாக விடாமல், கிருமிகளையும் அடக்கி, பாலை மாதக்கணக்கில் திரவமாகவே வைத்திருக்கும்.

இப்போது டயருக்குள் போவோம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் சுழலும்போது, உள்ளே இருக்கும் பாலைப் புவியீர்ப்பைப் போல ஒன்பது மடங்கு விசை டயரின் வெளிச்சுவரை நோக்கித் தள்ளுகிறது. முள் எங்கே குத்துமோ அங்கேயே பால் பூசினாற்போல் பரவியிருக்கும். முள் கழன்றதும் ஓட்டை வழியே காற்று ஏறக்குறைய ஒலியின் வேகத்தில் பாய்கிறது. பாலையும் இழுத்துக்கொண்டு போகிறது. பாலில் கலந்திருக்கும் நார்த்துணுக்குகளும் ரப்பர்த் தூளும் ஓட்டைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சிக்கி வலைபோல் நிற்கின்றன. அந்த வலையின் இடுக்குகளில் நசுங்கிப் போகும் ரப்பர் உருண்டைகளின் போர்வை கிழிகிறது. தண்ணீரும் அம்மோனியாவும் காற்றோடு வெளியேறிவிடுகின்றன. காவல் போய்விட்டது. உருண்டைகள் வலையைப் பற்றிக்கொண்டு திரள்கின்றன. "புஸ்ஸ்" என்ற சத்தம் தேய்கிறது, டயரின் வெளியே நாலைந்து வெள்ளைக் குமிழ்கள் வருகின்றன, சக்கரம் சில சுற்று சுற்றுவதற்குள், மரத்தின் வெட்டில் கட்டிக்கொள்ளும் ஒட்டுப்பால் போல ஓட்டை மூடிக்கொள்கிறது.

குறைந்த அழுத்தம் இங்கேதான் கைகொடுக்கிறது. இரண்டு மில்லிமீட்டர் ஓட்டையை அடைத்து நிற்கும் துளி ரப்பரை 30 பிஎஸ்ஐ காற்று சுமார் 66 கிராம் எடைக்குச் சமமான விசையோடு தள்ளும். 80 பிஎஸ்ஐ என்றால் அது 170 கிராமைத் தாண்டிவிடும். பாதி கட்டிய பால் முதலாவதைத் தாங்கும், இரண்டாவதில் பிய்த்துக்கொண்டு போகும். பந்தய சைக்கிள்காரர்களின் முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளி விழுவது இப்படித்தான்.

இந்த வித்தையை மனிதன் கண்டுபிடிப்பதற்குப் பல யுகங்களுக்கு முன்பே பால்மரம் செய்துகொண்டிருந்தது. பட்டைக்குள் தலைமயிரைவிட மெல்லிய பால்குழாய்கள் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. விடியுமுன் அவற்றுக்குள் இருக்கும் அழுத்தம் 10 முதல் 15 வளிமண்டலம்; உங்கள் டயரைப் போல நான்கு மடங்குக்கும் மேல்! வெயில் ஏற ஏற மரம் தண்ணீரை இழந்து அந்த அழுத்தம் குறையும். நம் பாட்டிகள் இருட்டோடு எழுந்து, தோட்டத்தில் வேலைக்கு ஆள் எண்ணும் பிரட்டுக்களத்துக்கு ஓடியதற்குப் பின்னால் இருந்த இயற்பியல் இதுதான். உளி பட்டதும் பால் பீறிடுகிறது. ஆனால் சில மணி நேரத்தில் தானாக நின்றுவிடுகிறது. ஏன் நிற்கிறது?

பாலுக்குள் ரப்பர் உருண்டைகளோடு லூட்டாய்டு என்ற நுண்பைகளும் மிதக்கின்றன. அவற்றுக்குள் அமிலத்தன்மை உள்ள நீர், மக்னீசியம், கால்சியம், நேர்மின்னேற்றம் கொண்ட புரதங்கள். வெட்டுவாயில் அழுத்தம் திடீரென்று விழும்போது, உரசலிலும் நீர் உள்ளே ஏறுவதிலும் இந்தப் பைகள் வெடிக்கின்றன. உள்ளிருப்பது கொட்டுகிறது, ரப்பர் உருண்டைகள் மின்னேற்றம் இழந்து அங்கேயே திரள்கின்றன, குழாயின் வாய் அடைபடுகிறது. மரம் தன் பார்மிக் அமிலத்தைத் தானே சுமந்துகொண்டு திரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைத் துருவி எடுத்ததில் நம் மலேசியாவுக்குப் பெரும்பங்கு உண்டு. 1925இல் அமைந்த மலாயா ரப்பர் ஆய்வுக்கழகத்தில் 1960களில் பால் நிற்கும் காரணத்தை ஒரு குழுவே தேடிக்கொண்டிருந்தது. பாக்கியநாதன், போட்மன், டேசம் ஆகிய மூவர் 1966இல் வெளியிட்ட ஆய்வு அதில் ஒன்று. அந்தக் கழகத்துக்குச் சோறு போட்டது ரப்பர்மீது விதித்த தீர்வை. அதாவது ஒவ்வொரு மங்கிலிருந்தும் ஒரு துளி ஆய்வுக்குப் போயிற்று. 1990களின் தொடக்கம்வரை உலக ரப்பர் உற்பத்தியில் நாம் முதலிடத்தில் இருந்தோம். கழகத்தின் சுங்கை பூலோ ஆய்வுத்தோட்டம் இன்று குவாசா டாமான்சாரா என்ற புதுநகரம். வீடு கட்டக்கூடாது என்று நான் சொல்லவில்லை. நாற்பது வருடம் கழித்துப் பலன் தரும் ஆய்வை மூன்று வருட மானியத்தில் செய்யச் சொல்வது எந்த ஊர் நியாயம் என்றுதான் கேட்கிறேன்.

வாசகர் ஓட்டும் பாதைக்கே திரும்புவோம். டயருக்குள் நடப்பது டயருக்கு வெளியிலும் நடக்கிறது. கரைக்கு அப்பால் பாக்காவ் என்னும் சதுப்புநில மரத்தின் வேர்களுக்கிடையே வழுவழுவென்று கிடக்கிறதே சேறு, அது கிரியான் போன்ற ஆறுகள் கொண்டுவரும் களிமண். களிமண் துகள்களுக்கும் எதிர்மின்னேற்றம்தான். ஆற்றுநீரில் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு நாள்கணக்கில் மிதந்து வருபவை, முகத்துவாரத்தில் உப்புநீரைச் சந்தித்ததும் அதன் அயனிகளிடம் மின்னேற்றத்தைத் தோற்றுவிடுகின்றன. உடனே திரண்டு கனத்துப் படிகின்றன, அலையின் வேகத்தைப் பாக்காவ் வேர் தணிக்கிறது, சதுப்புநிலம் பிறக்கிறது. நம் கையுறைத் தொழிற்சாலைகளில் பீங்கான் கை அச்சைக் கால்சியம் நைட்ரேட்டில் முக்கிவிட்டுப் பாலில் முக்குவதும் இதே கணக்குதான்: கால்சியத்தின் நேர்மின் அயனிகள் பாலை அச்சின்மேல் திரளவைக்கின்றன.

புது வண்டி வாங்கினால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவோம். சைக்கிளுக்கும் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். டயருக்கு வெளியே நசுங்கும் பழம் முள்ளைத் தடுக்காது என்பது என் கருத்து. உள்ளே சாறு போனாலோ, பசும்பாலில் எலுமிச்சை பிழிந்தது போல மொத்தப் பாலும் திரிந்து, அடைக்கும் சக்தி போய்விடும். சின்னக் குப்பியிலிருந்து கார்பன் டை ஆக்சைடு அடைத்துக் காற்றேற்றுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை: அந்த வாயு பாலிலுள்ள நீரில் கரைந்து மென்மையான அமிலமாகும், குளிரும் சேர்ந்துகொள்ளும். சில வகைப் பால் அங்கேயே கட்டிவிடும். கைப்பம்பே உத்தமம்.

தோட்டத்துப் பாலை நேராக ஊற்றலாமா? வேண்டாம். மரத்திலிருந்து இறக்கிய பாலில் கிருமிகள் உடனே பெருகி அமிலத்தை உண்டாக்கும். ஒரே நாளில் டயருக்குள் கட்டிப்பால் உருளும். அம்மோனியா சேர்த்தால் தாக்குப்பிடிக்கும், ஆனால் ஓட்டையில் வலை பின்னும் துணுக்குகளும், காய்வதைத் தாமதிக்கும் கிளைக்காலும் அதில் இல்லை. பாட்டிலின் விலையில் ஒரு பகுதி அந்தச் சேர்மானத்துக்கு. மீதி வண்ணக் காகிதத்துக்கு.

பினாங்கு வெயிலில் இந்தப் பால் குளிர்நாடுகளைவிடச் சீக்கிரம் காயும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சக்கரத்தைக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பாருங்கள். சளசளவென்று கேட்கவில்லை என்றால் ஊற்றும் நேரம் வந்துவிட்டது. வெட்டிப் போட்ட செம்பனை மட்டையின் முள் ஏறிவிட்டதா? அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள். முள் இருக்கும் இடம் தரையைப் பார்க்கும்படி சக்கரத்தைத் திருப்பி, பால் அங்கே தேங்கச் சற்று நேரம் கொடுத்து, பிறகு பிடுங்கி உடனே மிதியுங்கள். ஐந்தாறு மில்லிமீட்டருக்கு மேல் கிழிந்திருந்தால் பாலை நம்பிப் பயனில்லை. ரப்பர் திரியைச் செருகும் ஊசி பையில் இருக்கட்டும்.