பழகாத பந்து

2004-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு காட்சி ஆட்டம் நடந்தது. ஜென்னி ஃபிஞ்ச் என்ற சாஃப்ட்பால் (பேஸ்பாலின் உறவு ஆட்டம், பந்து சற்றுப் பெரிது) வீராங்கனை, பேஸ்பாலின் பெரிய தலைகளுக்குப் பந்து வீசினார். ஆல்பர்ட் பூஹோல்ஸ், மைக் பியாஸா, பிரையன் ஜைல்ஸ் ஆகிய மூவரையும் ஸ்டிரைக்-அவுட் ஆக்கி (மூன்று முறை பந்தைக் கோட்டைவிட வைத்து) அனுப்பினார். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகப் பந்துகளை அடித்துக் கோடிகளில் சம்பாதித்தவர்கள், 110 கிலோமீட்டரைச் சுற்றி வந்த பந்துக்கு வழி தெரியாமல் நின்றார்கள்.

காரைக்குடிப் பொட்டலில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடும் பையன்களிடம் இதைச் சொன்னால், “தூரம் கம்மியா இருந்திருக்கும்ணே” என்று உடனே பதில் வரும். பதில் சரிதான். பேஸ்பாலில் பிட்சர் (பந்து வீசுபவர்) நிற்குமிடத்துக்கும் பேட்டருக்கும் இடையே 18.44 மீட்டர், பெண்கள் சாஃப்ட்பாலில் 13.1 மீட்டர்தான். பிட்சர் ஒரு எட்டு முன்னால் வந்து பந்தை விடுவதால் இன்னும் ஏறத்தாழ இரண்டு மீட்டர் கழியும். கணக்குப் போட்டால், 110 கி.மீ. வேகத்தில் வரும் சாஃப்ட்பாலும் 160 கி.மீ. வேகத்தில் வரும் பேஸ்பாலும் பேட்டருக்குத் தரும் அவகாசம் கிட்டத்தட்ட ஒன்றே: 0.4 விநாடிக்குச் சற்றுக் குறைவு.

ஆனால் அவகாசம் ஒன்றே என்றால் அந்த மூவரும் ஏன் திணறினார்கள்? தினமும் அதே 0.4 விநாடிக்குள் அடித்துப் பழகியவர்கள்தானே?

மட்டையைச் சுழற்றவே சுமார் 0.15 விநாடி ஆகும். கண் பார்த்தது மூளைக்குப் போய், அங்கிருந்து தசைக்கு உத்தரவு வருவதற்கும் நேரம் வேண்டும். ஆகவே பந்து பாதித் தூரம் வருவதற்குள் அடிப்பதா விடுவதா என்று முடிவாகிவிட வேண்டும். கடைசிச் சில மீட்டரில் பந்து கடக்கும் வேகத்துக்குக் கண் திரும்பவே முடியாது. “பந்தைக் கடைசிவரை பார்த்து அடி” என்று பயிற்சியாளர்கள் சொல்வது நல்ல மனசோடுதான், ஆனால் உடம்பால் ஆகாத காரியம். பேட்டர் அடிப்பது, பந்து எங்கே வரும் என்று மூளை கணித்த இடத்தை. கணிப்புக்கு ஆதாரம் பிட்சரின் தோள், முழங்கை, மணிக்கட்டு, பந்து கையைவிட்ட முதல் சில மீட்டர், அவ்வளவே.

சிராவயல் மஞ்சுவிரட்டைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. மாடு கொம்பைத் திருப்பிய பிறகு நகர்கிறவன் குத்து வாங்குவான். தேர்ந்தவன் முன்னங்கால் ஊன்றும் விதத்திலேயே அடுத்த பாய்ச்சல் எந்தப் பக்கம் என்று அறிந்துவிடுகிறான். அவனுக்கே முன்பின் பார்க்காத மாடு வந்தால் கொஞ்சம் எட்டித்தான் நிற்பான்.

பூஹோல்ஸ் முன்னால் வந்தது அப்படியொரு பார்க்காத மாடு. பேஸ்பாலில் கை தலைக்கு மேலிருந்து வரும். பந்து மேலிருந்து கீழாக இறங்கும். சாஃப்ட்பாலில் கை ஒரு முழு வட்டம் அடித்து, இடுப்போரத்தில் பந்தை விடும். பல வருடங்களாகச் சேர்த்த தோள், முழங்கைக் குறிப்புகள் ஒன்றுமே அங்கே உதவவில்லை.

பந்தின் போக்கும் வேறு. 0.37 விநாடியில் புவியீர்ப்பு மட்டும் ஒரு பந்தைச் சுமார் 67 சென்டிமீட்டர் இறக்கிவிடும். பந்து பின்னோக்கிச் சுழன்றால் அதை உரசிச் செல்லும் காற்று கீழ்ப்பக்கமாகத் திருப்பிவிடப்படுகிறது. அதன் எதிர்விசை பந்தை மேலே தாங்குகிறது. 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் விஞ்ஞானி மாக்னஸ் பெயரால் அறியப்படும் விளைவு இது. முன்னோக்கிச் சுழற்றினால் அதே விசை பந்தைக் கீழே அழுத்தும். பக்கவாட்டில் சுழற்றினால் ஓரமாக இழுக்கும். சாஃப்ட்பாலின் பேர்போன ‘ரைஸ் பால்’ இடுப்பளவிலிருந்து மேல்நோக்கிப் புறப்படுகிறது, பின்சுழற்சியால் குறைவாக இறங்குகிறது. மூளை எதிர்பார்த்த இறக்கம் நடக்காததால், பந்து நடுவழியில் எகிறியது போல் தெரிகிறது. மட்டை அதற்குக் கீழே காற்றை வெட்டுகிறது.

பந்து தறிகெட்டுப் பறக்கவில்லை, மூளை போட்ட கணக்குத்தான் தவறியது. சர்வதேசப் போட்டிகளில் எந்த நாடு ஜெயிக்கிறது என்பதையும் பெருமளவு இதை வைத்தே புரிந்துகொள்ளலாம் என்பது என் கட்சி. உள்நாட்டு லீக்கில் ஒரே பிட்சரை வருடம் முழுக்கச் சந்திக்கிறார்கள். ஒரே ஆட்டத்திலேயே மூன்றாம் முறை எதிர்கொள்ளும்போது பேட்டர்கள் முதல் முறையைவிட நன்றாக அடிப்பதைப் புள்ளிவிவரக்காரர்கள் நெடுநாளாகக் காட்டிவருகிறார்கள். உலகப் போட்டியிலோ இரண்டு வாரத்தில் எல்லாம் முடிந்துவிடும். முகம் பழகுவதற்குள் ஆட்டம் போய்விடும்.

நாடுகள் மோதும் 2023 வேர்ல்ட் பேஸ்பால் கிளாசிக் இறுதி ஆட்டத்தைப் பாருங்கள். ஜப்பான் 3, அமெரிக்கா 2. அந்த ஒரே ஆட்டத்தில் ஜப்பான் இறக்கிய பிட்சர்கள் ஏழு பேர். ஒருவரைப் படிக்கத் தொடங்குவதற்குள் அடுத்தவர் வந்துவிட்டார். கடைசியாக வந்தவர் ஷோஹே ஒட்டானி. எதிரே மைக் ட்ரவுட். இருவரும் அப்போது லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் அணியில் சகாக்கள். ஆகவே ட்ரவுட் அதுவரை ஒட்டானியின் பந்தை ஓர் ஆட்டத்தில்கூட எதிர்கொண்டதில்லை! 160 கி.மீ. தாண்டிய நேர்ப்பந்துகளைக் காட்டிவிட்டு, கடைசிப் பந்தை 140-இல் விட்டார் ஒட்டானி. அது பக்கவாட்டில் சுமார் 43 சென்டிமீட்டர் விலகிப் போனது. பேட்டர் காக்கவேண்டிய ஹோம் பிளேட்டின் அகலமே அவ்வளவுதான். ட்ரவுட்டின் மட்டை வீசியது, பந்து கேட்சரிடம் இருந்தது.

ஏழு பிட்சர்கள் என்பது வெறும் தந்திரமில்லை, முழங்கையின் நிர்ப்பந்தமும் உண்டு. தலைக்கு மேல் வீசும்போது முழங்கையின் உள்பக்கத் தசைநார் அறுந்துபோகும் அளவுக்கு இழுபடுகிறது. 1974-இல் ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர் டாமி ஜான் என்ற பிட்சருக்கு முதன்முதலாகச் செய்த தசைநார் மாற்று அறுவைச் சிகிச்சை, இன்று பேஸ்பாலில் அன்றாடச் செய்தி. அதனால்தான் அந்த உலகப் போட்டியில் ஒருவர் ஓர் ஆட்டத்தில் முதல் சுற்றில் 65, காலிறுதியில் 80, அதன்பின் 95 பந்துகளுக்கு மேல் வீசக்கூடாது என்று வரம்பு. சாஃப்ட்பாலின் வட்டவீச்சு முழங்கையை அவ்வளவு வதைப்பதில்லை (தோளும் மேற்கைத் தசையும் வலியைத் தாங்கிக்கொள்கின்றன).

அந்த வேறுபாட்டை உலகம் கண்டது 2008 பெய்ஜிங்கில். 1996, 2000, 2004 என மூன்று ஒலிம்பிக் தங்கத்தையும் அமெரிக்கப் பெண்கள் தொடர்ந்து அள்ளியிருந்தார்கள். ஜப்பானின் யுகிகோ உயெனோ இரண்டே நாளில் மூன்று ஆட்டங்களில் 413 பந்துகள் வீசினார். அரையிறுதியில் அமெரிக்காவிடம் தோல்வி. தோற்றவர்களுக்கும் இன்னொரு வாய்ப்புத் தரும் முறை அது. அன்றே ஆஸ்திரேலியாவோடு, வழக்கமான ஏழைத் தாண்டி 12 இன்னிங்ஸ் (இரு அணியும் மாறி மாறி ஆடும் சுற்று) இழுபறியில் வெற்றி. மறுநாள் இறுதியில் அதே அமெரிக்காவை 3-1 என வென்று தங்கம். முந்தின நாள்தான் பார்த்த பிட்சரை அமெரிக்கர்களால் அடிக்க முடியவில்லை. என் கட்சிக்கு இது இடிக்கத்தான் செய்கிறது. ஒரே கைவீச்சில் பல பந்துகளை ஒளித்துவைக்கத் தெரிந்தவரைப் பழக ஒரு நாள் போதாது என்று வேண்டுமானால் சமாளிக்கலாம்.

2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் இறுதியில் உயெனோவுக்கு வயது 39. இம்முறை ஜப்பான் அவரை மட்டும் நம்பவில்லை. ஆறாவது இன்னிங்ஸில் 20 வயது இடக்கைப் பிட்சர் மியு கோட்டோ வந்தார். தொடக்க ஆட்டக்காரர் ஒருமுறை வெளியேறித் திரும்ப வரலாம் என்பது சாஃப்ட்பால் விதி. ஏழாவதில் உயெனோ மறுபடி வந்து முடித்தார். வலக்கை, இடக்கை, மீண்டும் வலக்கை. 2-0.

இப்படி அடுத்தடுத்து ஆளை இறக்க, நாட்டில் அத்தனை தரமான பிட்சர்கள் இருக்க வேண்டும். ஜப்பானில் உயர்நிலைப்பள்ளித் தேசியப் போட்டி 1915-இலிருந்து நடக்கிறது. பெண்கள் சாஃப்ட்பாலுக்குப் பெருநிறுவனங்கள் அணி வைத்துச் சம்பளம் தருகின்றன. மக்கள்தொகை பெரிய விஷயமில்லை. சுமார் 2.3 கோடிப் பேர் கொண்ட தைவான், 2024 பிரீமியர்-12 என்ற சர்வதேச பேஸ்பால் போட்டியின் இறுதியில் ஜப்பானை டோக்கியோவிலேயே 4-0 என வீழ்த்தியது. தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பிலேயே 7.2 கோடிப் பேர்.

இந்தியாவிலிருந்து அமெரிக்கத் தொழில்முறை அணியொன்றில் முதலில் ஒப்பந்தமான இருவர், 2008-இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் எடுத்துக்கொண்ட ரிங்கு சிங்கும் தினேஷ் பட்டேலும். இருவரும் ஈட்டி எறிந்தவர்கள், இருவரும் பிட்சர்கள். எறியத் தெரிந்த தோளைக் குறுகிய காலத்தில் பேஸ்பாலுக்குத் திருப்பிவிடலாம். பேட்டருக்கு அந்தக் குறுக்குவழி கிடையாது, அவர் ஆயிரக்கணக்கான பந்துகளைப் பார்த்தே ஆகவேண்டும்.

சாஃப்ட்பால் நம் பள்ளி விளையாட்டுப் போட்டிகளிலும் பல்கலைக்கழகப் போட்டிகளிலும் இருக்கிறது. காரைக்குடியில் உடற்கல்விக்கென்றே அழகப்பா பல்கலைக்கழகத்தின் கல்லூரி இருக்கிறது. செட்டிநாட்டுச் செம்மண், தண்ணீர் தெளித்து உருட்டினால், பேஸ்களுக்கு நடுவே ஓடி விழ உகந்த தரை. ஆனால் ஒரு பள்ளியில் வட்டவீச்சு தெரிந்த பெண் ஒருத்தி இருந்தால், வருடம் முழுக்க மற்றவர்கள் அவள் பந்தை மட்டுமே ஆடுகிறார்கள். வெளியூர்ப் போட்டிக்குப் போனதும் பூஹோல்ஸின் கதைதான்.

இதற்கு ஆய்வாளர்கள் பயன்படுத்தும் ஒரு முறை செலவில்லாதது. பல பிட்சர்களைக் கைப்பேசியில் மெதுவியக்கத்தில் படம்பிடித்து, கை இடுப்பைத் தாண்டும் நொடியில் படத்தை நிறுத்திவிட வேண்டும். பந்து மேலா, கீழா, வெளியா என்று பேட்டர் சொல்ல வேண்டும். பிறகு மீதியை ஓட்டிச் சரிபார்க்கலாம். தேவகோட்டைப் பெண்ணின் வீச்சைக் காரைக்குடிப் பெண்ணும், காரைக்குடிப் பெண்ணின் வீச்சைத் திருப்பத்தூர்ப் பெண்ணும் பார்க்க வேண்டும். பி.டி. சார்கள் மனசு வைத்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினால் போதும். எதிரணிக்கு நம் வீச்சைக் காட்டிக்கொடுப்பதா என்று முதல் வாரமே சண்டை வரும்.