கப்பலின் கூப்பிடு பெயர்

'நிக்நேம்' என்ற ஆங்கிலச் சொல்லே ஒரு பிழையில் பிறந்தது. இடைக்கால ஆங்கிலத்தில் 'ஈக்' என்றால் கூடுதலானது. 'ஆன் ஈக்நேம்' என்றால் ஒரு கூடுதல் பெயர். வேகமாகச் சொல்லிச் சொல்லி, முன்சொல்லின் கடைசியில் இருந்த 'ன்' பின்சொல்லின் தலையில் ஏறிக்கொண்டது. 'அ நீக்நேம்' ஆகி, பிறகு 'நிக்நேம்' ஆனது. ஆக, அந்தச் சொல்லில் செல்லமும் இல்லை, கேலியும் இல்லை. இட்ட பெயருக்கு மேல் ஒட்டிக்கொண்ட இன்னொரு பெயர், அவ்வளவுதான்.

நம் அகராதிகள் இதற்குச் செல்லப்பெயர், பட்டப்பெயர் என்று பொருள் தருகின்றன. சில 'புனைபெயர்' என்றும் எழுதிவிடுகின்றன. அது எழுத்தாளன் தனக்குத் தானே வைத்துக்கொள்வது, இங்கே பொருந்தாது. மற்ற இரண்டும் பாதி சரி. எந்தப் பாதி என்பதைக் கடற்பயணப் பித்தர்கள் கப்பல்களைக் கூப்பிடும் முறையை வைத்துப் பார்த்தால் தெளிவாகத் தெரிகிறது. அதற்கு முன் கப்பலின் பெயரையே கொஞ்சம் பார்த்துவிடலாம்.

கடலில் இன்பப் பயணம் போவதை ஆங்கிலத்தில் 'குரூஸ்' என்கிறார்கள். அந்தச் சொல் டச்சு மொழியிலிருந்து வந்தது. அங்கே 'கிரௌஸ்' என்றால் சிலுவை; அதிலிருந்து வந்த வினைக்குக் குறுக்கும் நெடுக்குமாகப் போதல் என்று பொருள். பதினேழாம் நூற்றாண்டில் இது போர்க்கப்பல்களின் சொல். எந்தத் துறைமுகத்துக்கும் போய்ச் சேரும் அவசரமின்றி, எதிரிக் கப்பலைத் தேடி ஒரே கடற்பரப்பில் அலைவதுதான் அப்போதைய 'குரூஸ்'. 'குரூசர்' என்ற போர்க்கப்பல் வகைக்குப் பெயர் வந்ததும் இந்த வழியில்தான். இன்பப் பயணம் என்ற பொருள் பின்னால் வந்து சேர்ந்தது. ஆனால் அலைதல் என்ற கரு மாறவில்லை. 'லைனர்' அப்படியல்ல. குறித்த தடத்தில், குறித்த நாளில், ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ஆளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அது.

'குரூஸ்' போகும் கப்பலுக்குத் தமிழ்ப் பத்திரிகைகள் எழுதுவது 'சொகுசுக் கப்பல்'. இது எனக்கு ஒப்பவில்லை. சொகுசு என்பது மெத்தையைச் சொல்கிறது, பயணத்தைச் சொல்லவில்லை. 'உல்லாசக் கப்பல்' இன்னும் மோசம். ஏதோ போலீஸ் சோதனை நடந்த இடம் போல ஒலிக்கிறது. நம்மிடம் 'உலா' என்ற சொல் சும்மா கிடக்கிறது. கோயிலிலிருந்து புறப்பட்டு, நான்கு வீதியும் சுற்றி, மறுபடி கோயிலுக்கே திரும்புவது உலா. போய்ச் சேர்வது அதன் நோக்கமே அல்ல. இந்தோனேசிய மொழியில் இத்தகைய கப்பலுக்குக் 'கப்பால் பெசியார்' என்று பெயர். முதற்சொல் நம்மிடமிருந்து கடல் தாண்டிப் போன 'கப்பல்'. இரண்டாவது, உலாவுதல் என்னும் பொருளுள்ள போர்த்துக்கீசியச் சொல்லின் வழி வந்தது. நம் சொல்லை வாங்கிக்கொண்டு போனவர்கள் சரியாகச் சொல்லும்போது நாம் மட்டும் மெத்தையைப் பிடித்துத் தொங்குவானேன்? இங்கே நான் 'உலாக்கப்பல்' என்றே எழுதுகிறேன்.

இனிக் கூடுதல் பெயர்கள்.

அமெரிக்கக் கடற்பயணக்காரர்கள் பேசுவதைக் கேட்டால் முழுப்பெயர் காதில் விழுவதே அரிது. ராயல் கரீபியன் நிறுவனத்தின் கப்பல்கள் எல்லாம் 'ஆஃப் த சீஸ்', அதாவது 'கடல்களின்', என்று முடிபவை. 2009இல் ஓடத் தொடங்கியது 'ஒயாசிஸ் ஆஃப் த சீஸ்'. 2024 ஜனவரியில் வந்தது இரண்டரை லட்சம் டன் கொள்ளளவைத் தொடும் 'ஐகான் ஆஃப் த சீஸ்'. வாடிக்கையாளர்களுக்கு அவை வெறும் ஒயாசிஸ், வெறும் ஐகான். டிஸ்னியின் நான்கு பழைய கப்பல்களும் அப்படியே: மேஜிக், ஒண்டர், டிரீம், ஃபேன்டஸி. குடும்பப் பெயரை உதிர்த்துவிட்டு ஆளின் பெயரை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள்.

இதைச் செல்லப்பெயர் என்று சொல்லலாமா? தஞ்சாவூரைத் தஞ்சை என்பதும், கோயம்புத்தூரைக் கோவை என்பதும் செல்லம் கொஞ்சுவதற்காகவா? வாய்க்கு வசதி, வழக்கத்தில் தேய்வு. பவணந்தி நன்னூலில் இதற்கு 'மரூஉ' என்று பெயர் வைத்து, இயல்பு வழக்கு மூன்றில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார். தேய்ந்தாலும் பிழையல்ல, முறையான வழக்கே என்பது அவர் தீர்ப்பு. ஐகானும் ஒயாசிஸும் மரூஉப் பெயர்கள்.

க்யூனார்ட் நிறுவனத்தில் இந்த உத்தி எடுபடாது. அங்கே ஓடும் நான்கும் ராணிகள்: குயீன் மேரி 2, குயீன் விக்டோரியா, குயீன் எலிசபெத், 2024இல் வந்த குயீன் ஆன். முன்பாதியை வெட்டினால் மிஞ்சுவது பக்கத்து வீட்டுப் பெண்களின் பெயர்கள். அதனால் முதலெழுத்துகளைப் பிடித்துக்கொண்டார்கள்: கியூ.எம்.2, கியூ.வி., கியூ.இ., கியூ.ஏ. வ.உ.சி., உ.வே.சா. என்று சொல்லிப் பழகிய நமக்கு இது புதிதல்ல. ஆனால் வ.உ.சி. என்றால் ஊருக்கே புரியும். கியூ.வி. என்றால் அந்தக் கூட்டத்துக்கு வெளியே ஒருவருக்கும் புரியாது. அப்படியானால் அது குழூஉக்குறி. பொற்கொல்லர் தமக்குள் பொன்னைப் 'பறி' என்பதை உரையாசிரியர்கள் இதற்கு எடுத்துக்காட்டாகத் தருவார்கள். பொற்கொல்லர் குறி மறைப்பதற்கு. கப்பல் பித்தரின் குறியோ, 'நானும் உங்களில் ஒருவன்' என்று காட்டிக்கொள்வதற்கு.

குழூஉக்குறியாகத் தொடங்கி உலகத்துக்கே பொதுவானது ஒன்று உண்டு: கியூ.இ.2. 1967 செப்டம்பர் 20 அன்று ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் கப்பல் கட்டும் தளத்தில் அரசி இரண்டாம் எலிசபெத் அந்தக் கப்பலை நீரில் இறக்கி வைத்தார். பெயர் சூட்டும்போது 'இரண்டாம் எலிசபெத் அரசி' என்று சொல்லிவிட்டார். கப்பலுக்குத் தன் பெயரையே வைத்துக்கொண்டாரா, எலிசபெத் என்ற பெயரில் வரும் இரண்டாவது கப்பல் என்று பொருளா? நிறுவனம் சாமர்த்தியமாக நடந்துகொண்டது. அரசியின் பெயரில் வரும் ரோமன் எண்ணை விட்டுவிட்டு, சாதாரண 2 போட்டது. அந்த 2தான் பெயரைக் காப்பாற்றியது என்று எனக்குத் தோன்றும். இரண்டு எழுத்தும் ஓர் எண்ணும் சேர்ந்து சொல்லப் பாந்தமாக அமைந்துவிட்டன. 2008இல் ஓய்வுபெற்று, இப்போது துபாயில் விடுதியாக நிற்கிறது, அங்கேயும் கியூ.இ.2தான்.

எஸ்.எஸ்., எம்.வி. என்று கப்பல் பெயருக்கு முன்னால் வருபவை இந்த வகையல்ல. அவற்றை இனிஷியல் என்று நினைப்பவர்கள் உண்டு. அவை நீராவிக் கப்பல், மோட்டார் கப்பல் என்ற வகைக் குறிப்புகள்.

உண்மையான செல்லமும் கேலியும் இருக்கும் இடம் வேறு. இலக்கணம் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பிரிக்கிறது. உரிமையாளர் வைக்கும் பெயர் பெரும்பாலும் இடுகுறி போலத்தான். பயணிகளும் மாலுமிகளும் வைக்கும் பெயருக்குப் பின்னால் எப்போதும் ஒரு காரணம் இருக்கும். டைட்டானிக்கின் அக்காள் ஒலிம்பிக். 1911இல் ஓடத் தொடங்கியது. முதல் உலகப்போரில் படைகளை ஏற்றிச் சென்றபோது, 1918 மே மாதம், தன்னைத் தாக்க வந்த ஜெர்மானிய நீர்மூழ்கி யு-103ஐ மோதியே மூழ்கடித்தது. பயணிகள் கப்பல் நீர்மூழ்கியை முட்டிக் கொன்ற கதை! உடன்பிறந்தவை டைட்டானிக், பிரிட்டானிக் இரண்டும் கடலடிக்குப் போய்விட, இது 1935 வரை ஓடியது. அதற்கு 'ஓல்டு ரிலையபிள்' என்று பெயர். 'கைவிடாத கிழவி' என்றால் தமிழில் சரியாக வரும். பழைய குயீன் மேரிக்கு இரண்டாம் உலகப்போரில் சாம்பல் வண்ணம் பூசினார்கள். 'சாம்பல் பேய்' ஆனது. 1952இல் அட்லாண்டிக் வேகச் சாதனை படைத்த 'யுனைடெட் ஸ்டேட்ஸ்', அன்பாகப் 'பிக் யு'.

கேலிக்கு உதாரணம் கிராண்ட் பிரின்சஸ். 1998இல் வந்த இந்தக் கப்பலின் பின்புறத்தில், உயரத்தில், குறுக்குக் கைப்பிடி போல ஒரு நடனக்கூடம் அமைத்தார்கள். தூரத்தில் பார்த்தால் சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டி. அந்தப் பெயரே நிலைத்தது. 2011இல் கூடத்தையே கழற்றி எடுத்துவிட்டார்கள். இதுதான் பட்டப்பெயர். பட்டம் என்றால் ஒரு காலத்தில் நெற்றியில் கட்டும் பொற்றகடு, அரசன் கொடுப்பது. இன்று வகுப்பறையில் பின் பெஞ்சு கொடுப்பதும் பட்டம்தான்.

கேன்பெராவின் கதை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பி அண்டு ஓ நிறுவனத்தின் வெள்ளை வெளேரென்ற பயணிகள் கப்பல். 1982இல் அர்ஜென்டினாவுடன் நடந்த ஃபாக்லாந்து போருக்காக பிரிட்டிஷ் அரசு அதை எடுத்துக்கொண்டது. நீச்சல் குளமும் விருந்துக்கூடமும் இருந்த கப்பல், குண்டு விழும் சான் கார்லோஸ் விரிகுடாவுக்குள்ளேயே போய்ப் படைகளை இறக்கியது. வீரர்கள் வைத்த பெயர் 'பெரிய வெள்ளைத் திமிங்கிலம்'. கியூ.இ.2வும் அதே போருக்குப் போனதுதான். ஆனால் தெற்கு ஜார்ஜியத் தீவோடு நின்று, தன் படைகளைக் கேன்பெராவுக்கு மாற்றி ஏற்றிவிட்டுத் திரும்பியது. ஜூலையில் கேன்பெரா சவுத்தாம்ப்டன் திரும்பியபோது அதன் பக்கவாட்டில் ஒரு துணிப்பதாகை தொங்கியது. கியூ.இ.2 போக மறுக்கும் இடத்துக்கும் கேன்பெரா போகும் என்று எதுகையோடு எழுதியிருந்தார்கள். அதில் ஒரு கப்பலை மரூஉவும் இல்லாமல் முழுப்பெயராலும், இன்னொன்றைக் குறியாலும் குறிப்பிட்டிருப்பதைக் கவனியுங்கள். யார் சொந்தம், யார் பெரிய இடம் என்பது அதிலேயே இருக்கிறது.

ஒலித் திரிபில் பிறந்த பெயர்கள் தனி ரகம். மொரிடேனியா 'மோரி' ஆனது மரூஉ. மெஜஸ்டிக் 'மேஜிக் ஸ்டிக்', அதாவது மந்திரக்கோல், ஆனது குறும்பு. ஆனால் பெரெங்கேரியாவுக்கு நேர்ந்ததற்குச் சிலேடை என்ற சொல்தான் ஈடு. அது முதலில் ஜெர்மனியில் 1913இல் ஓடத் தொடங்கிய 'இம்பெராட்டோர்', பேரரசர். ஜெர்மன் மொழியில் கப்பல்களின் பெயர்கள் பெண்பால். கைசர் வில்ஹெல்மின் விருப்பப்படி இதை மட்டும் ஆண்பாலில் சொன்னார்கள். போரில் தோற்றதும் கப்பல் பிரிட்டனுக்குப் போய், ரிச்சர்டு மன்னனின் மனைவி பெயரைப் பெற்றது. 1930களின் பொருளாதார மந்தத்தில் மலிவுக் கட்டண உலாக்களுக்கு விட்டார்கள். உடனே 'பார்கேன் ஏரியா', தள்ளுபடிப் பகுதி, என்று திரித்துவிட்டார்கள் பயணிகள். பேரரசராகப் பிறந்து, அரசியாக மாறி, கடைசியில் ஆடித் தள்ளுபடி.

பால் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. ஆங்கிலத்தில் கப்பல் 'அவள்'. 2002இல் லாயிட்ஸ் லிஸ்ட் என்ற பழம்பெரும் கப்பல் துறை இதழ் இனி 'அது'தான் என்று மாற்றியபோது பலர் கொதித்தார்கள். தமிழில் கப்பல் அஃறிணை. இந்தச் சிக்கலே இல்லை என்று தோன்றும். ஆனால் நான் மேலே ஒலிம்பிக்கை 'அக்காள்' என்றும் 'கிழவி' என்றும் எழுதியிருக்கிறேன். வழுவா? இல்லை. உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு ஆகியவற்றால் திணையும் பாலும் மயங்கினாலும் ஏற்கலாம் என்று நன்னூலே இடம் தருகிறது. ஒரு பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்பது உரையில் வரும் எடுத்துக்காட்டு. தள்ளுவண்டி என்பது இழிவு. கிழவி என்பது உவப்பு. செல்லப்பெயருக்கு இதைவிட நல்ல வரையறை எனக்குத் தெரியாது.

ஆகவே ஆங்கிலத்தின் கூடுதல் பெயருக்குப் பொதுவாக ஒரு சொல் வேண்டுமானால், வீடுகளில் புழங்கும் 'கூப்பிடு பெயர்' போதும். அதற்குள் மரூஉ, குழூஉக்குறி, செல்லப்பெயர், பட்டப்பெயர் என்று இடமறிந்து எழுதலாம்.

கூப்பிடு பெயர் பதிவேட்டிலேயே ஏறிவிடுவதும் உண்டு. அமெரிக்காவின் பிரீமியர் நிறுவனம் தன் சிவப்பு உடல் கப்பல்களுக்குப் புழங்கிய 'பிக் ரெட் போட்' என்ற பெயரை 2000ஆம் ஆண்டில் அதிகாரப் பெயராகவே ஆக்கியது. அதே ஆண்டில் நிறுவனம் திவாலானது. மாறாக, ஒரு காலத்தில் பிரான்சின் பெருமையாக 'பிரான்ஸ்' என்ற பெயரிலும் பிறகு 'நார்வே' என்ற பெயரிலும் ஓடிய கப்பல், 2006இல் குஜராத்தின் அலங்கில் உடைபட வந்தபோது அதன் பெயர் 'ப்ளூ லேடி'. செல்லப்பெயர் போலவே இருக்கிறது. ஆனால் எந்தப் பயணியும் அந்தப் பெயரில் அதைக் கூப்பிட்டதில்லை. இறந்தாரைத் துஞ்சினார் என்கிற மங்கல வழக்கோடுதான் அதைச் சேர்க்க வேண்டும்.

சென்னையிலிருந்து 2022 ஜூனில் புறப்பட்ட உலாக்கப்பலைப் பலரும் அறிவார்கள். 2023 ஜூனில் இலங்கையின் காங்கேசன்துறைக்கும் போனது. 1990இல் 'நார்டிக் எம்பிரஸ்' என்ற பெயரில் தொடங்கி, 'எம்பிரஸ் ஆஃப் த சீஸ்' ஆகி, கடைசியில் வெறும் 'எம்பிரஸ்' என்று நின்ற கப்பல் அது. மரூஉவே பதிவுப்பெயர் ஆகிவிட்டது. ஆனால் நம் ஊரில் எம்பிரஸ் என்று யாரும் சொல்லவில்லை. நடத்தும் நிறுவனத்தின் பெயரைக் கப்பலுக்கு ஏற்றி, 'கார்டீலியா வந்துவிட்டது', 'கார்டீலியா புறப்பட்டது' என்றுதான் பேசினார்கள், எழுதினார்கள். இது ஆகுபெயர்.