பள்ளி வாசலில் மாவா விற்கிறார்களா? 200 ரூபாய் அபராதத்தோடு விட்டுவிடாதீர்கள்

உங்கள் பையனை வாயைத் திறந்து மூன்று விரல்களை ஒன்றின் மேல் ஒன்றாக நுழைத்துக் காட்டச் சொல்லுங்கள். நுழையவில்லை, காரம் பட்டாலே எரிகிறது என்றால், பாக்கோ மாவாவோ (புகையிலையும் சுண்ணாம்பும் சேர்த்துத் தேய்த்த பாக்கு) வேலையைத் தொடங்கியிருக்கலாம். உள்கன்னம் நார்நாராக இறுகிப்போகும். நாளைக்கு அங்கே புற்றுநோயும் வரலாம். உடனே பல் மருத்துவரிடம் காட்டுங்கள். அப்புறம் விற்றவரைக் கேளுங்கள். இங்கே மும்பை தாராவியில் பிள்ளைக்குத்தான் அடி விழுகிறது, கடைக்கு ஒன்றும் ஆவதில்லை.

2003-ம் ஆண்டின் புகையிலைச் சட்டத்தில் 6-வது பிரிவு இரண்டே விஷயம் சொல்கிறது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்குப் புகையிலை விற்கக்கூடாது. பள்ளி, கல்லூரியிலிருந்து 100 கஜத்துக்குள் யாருக்குமே விற்கக்கூடாது. சிக்கலெல்லாம் இதற்குப் பிறகுதான்.

முதலில் தூரம். “ரோட்டில் நடந்து பாருங்கள், எவ்வளவு தூரம்!” என்பார் கடைக்காரர். அப்படி அளக்கக்கூடாது. பள்ளியின் வெளிச்சுவரிலிருந்து நேர்க்கோட்டில், சுமார் 91 மீட்டர். நம் சந்துகளில் சுற்றி வந்தால் தூரமாகத் தெரியும் கடை, நேராக அளந்தால் பள்ளிச் சுவருக்குப் பின்னாலேயே இருக்கும். ஆனால் அங்கீகாரம் பெற்ற கல்வி நிலையத்துக்குத்தான் இந்தக் கணக்கு. டியூஷன் சென்டரைக் காட்டிப் புகார் எழுதினால் தள்ளிவிடுவார்கள். அங்கே 18 வயது விதியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது இனிப்புப் பாக்கு. அதில் புகையிலை இல்லை, அதனால் இந்தச் சட்டத்தில் வராது. பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்பது வேறு கதை. மகாராஷ்டிராவில் குட்கா, பான் மசாலா, வாசனைப் பாக்கு, மாவா எல்லாம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தடை செய்யப்பட்டவை. அந்தப் புகார் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் இருக்கும் உணவு, மருந்து நிர்வாகத்துக்குப் போகவேண்டும். சிகரெட்டையும் பாக்கையும் ஒரே மனுவில் எழுதினால், இரண்டு ஆபீஸும் அடுத்த ஆபீஸைக் கைகாட்டும். தனித்தனியாக எழுதுங்கள்.

புகையிலைப் புகாரோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் “முனிசிபாலிட்டிக்குப் போ” என்பார்கள். போகாதீர்கள். சப்-இன்ஸ்பெக்டரும் அதற்கு மேலுள்ளவர்களும் கடையைச் சோதனை போடலாம், சட்டத்திலேயே இருக்கிறது. வாயால் சொல்லிவிட்டு வந்தால் எதுவும் நடக்காது. மனு இரண்டு பிரதி. ஒன்றில் முத்திரையும் இன்வார்ட் நம்பரும் (மனு வந்ததற்கான பதிவு எண்) வாங்காமல் படியிறங்காதீர்கள்.

மனுவில் எந்தப் பிரிவை எழுதுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். புகையிலைச் சட்டத்தின் 6-வது பிரிவை மீறினால் அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய். அதைக் கட்டிவிட்டுச் சாயங்காலமே கடை திறப்பார்கள். சிறுவர் கையில் புகையிலை கொடுத்திருந்தால், 2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 77-வது பிரிவையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ஏழு ஆண்டுவரை கடுங்காவல், ஒரு லட்சம்வரை அபராதம். அதிகாரிகள் இதைத் தாங்களாக எடுத்துச் சொல்வது அபூர்வம். யாருமே காது கொடுக்கவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் அடியுங்கள்.

ஆதாரத்துக்கு வீடியோ எடுத்தால் பிள்ளையின் முகத்தை வாட்ஸாப்பில் பரப்பாதீர்கள், அது உங்கள் மேலேயே கேஸாகிவிடும். கடையை மட்டும் எடுத்தால் போதும்.

இன்னொன்று: பீடி வாங்கப் பிள்ளையை அனுப்பாதீர்கள். அப்பாவுக்கு என்றாலும் பிள்ளை கையில் கொடுப்பது குற்றம்தான். ஆனால் “இவர்தானே சார் அனுப்புவார்” என்று கடைக்காரர் ஸ்டேஷனில் சொன்னால் போதும், உங்கள் புகாரை ஊற்றி மூடிவிடுவார்கள்.