பேட்டரி இல்லாமல் நரம்பைத் தூண்டுவது எப்படி?

நரம்பைத் தூண்டப் பெரிய மின்சாரம் தேவையில்லை. அதன்மேல் வைத்த மின்முனையில் ஒரு நொடியின் பத்தாயிரத்தில் சில பங்கு நேரம் சின்னத் துடிப்பு ஒன்று கொடுத்தால் போதும். நரம்பணுவின் சவ்வில் சோடியம் அயனிகளை உள்ளே விடும் வாசல்கள் திறக்கும், செய்தி ஓடத் தொடங்கிவிடும். அந்தச் சின்ன மின்சாரத்தை உடம்புக்குள் கொண்டுபோவதுதான் பாடு. வலிப்பு நோய்க்காக, மூளையிலிருந்து கழுத்து வழியாக வயிறுவரை ஓடும் வேகஸ் நரம்பைத் தூண்டும் கருவிக்கு 1997இல் அமெரிக்கா அனுமதி தந்தது. அதை மார்புத் தோலுக்கடியில் வைத்து, கழுத்துவரை கம்பி இழுக்கிறார்கள். சில ஆண்டுகளில் பேட்டரி தீர்ந்தால் மறுபடி அறுவை. நோயாளிக்கு இது சின்னச் சுமை இல்லை.

கம்பியில்லாமல் மின்சாரம் அனுப்புவது புதிதல்ல. 1958இல் ஸ்வீடனில் உடலுக்குள் பொருத்திய முதல் பேஸ்மேக்கரையே வெளியிலிருந்து கம்பிச்சுருள் வழியாகத்தான் சார்ஜ் செய்தார்கள். கேட்கும் திறனுக்காக உட்காதில் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவி வைத்த குழந்தைகளின் காதுக்கு மேலே தலையில் ஒட்டியிருக்கும் வட்டமும் அதே வேலையைத்தான் செய்கிறது. வெளிச்சுருளின் மாறும் காந்தப்புலம் உள்சுருளில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. தோலுக்குச் சற்றுக் கீழே என்றால் சரி. ஆனால் உள்சுருள் அரிசிமணி அளவுக்குச் சிறுத்து, சில சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் அதற்குக் கிடைப்பது மிகக் கொஞ்சம். ஈடுகட்ட அதிர்வெண்ணை ஏற்றினால் திசு சூடாகும்.

இங்கேதான் அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்து பெர்க்லி ஆய்வாளர்கள் மீயொலிக்கு, அதாவது காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒலிக்கு, மாறினார்கள். எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது. ஸ்கேன் எடுக்கும் அதே வகை ஒலிதான். 2 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையின் நீளம் காற்றில் 150 மீட்டர். அதே அதிர்வெண்ணில் மீயொலியின் அலைநீளம் திசுவுக்குள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதனால் மில்லிமீட்டர் அளவுப் படிகமே அதை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஒலி பட்டதும் படிகம் அதிர்ந்து மின்னழுத்தம் தரும். கருவியிலுள்ள சில்லு (சிப்) அதை நேர்மின்சாரமாக்கி மின்தேக்கியில் சேர்த்து, பிறகு நரம்புக்குத் துடிப்பாக விடும். எப்போது விடுவது? ஒலியில் விடும் இடைவெளியே கட்டளை! எதிரொலிக்கும் அலையிலிருந்து கருவியின் நிலையும் தெரிந்துவிடும். ஒவ்வொரு துடிப்புக்கும் பின் தேங்கிய மின்னூட்டத்தை அகற்றவும் வேண்டும். இல்லையென்றால் மின்முனை அரிக்கும், திசு கெடும். இவ்வளவும் செய்யும் கருவியின் கன அளவு சுமார் 1.7 கன மில்லிமீட்டர். 2020இல் எலியின் இடுப்பிலிருந்து காலுக்கு ஓடும் சயாட்டிக் நரம்பை அது தூண்டிக் காட்டியது.

ஆனால் மீயொலிக்குக் காற்று ஆகாது, எலும்பும் தடை. தோலில் ஜெல் தடவ வேண்டும், குறி தவறினால் மின்சாரம் சட்டென்று குறைந்துவிடும். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் வேறு வழி பிடித்தார்கள்: காந்தப்புலத்தில் நீண்டு சுருங்கும் உலோகப்படலத்தோடு அழுத்தத்தை மின்சாரமாக்கும் படலத்தை ஒட்டினார்கள். காந்தப்புலம் எலும்பைத் தாண்டும், ஜெல்லும் வேண்டாம். 2022இல் அந்தக் கருவியைப் பன்றியின் இரத்தக்குழாய்க்குள் செலுத்தி, பக்கத்து நரம்பைத் தூண்டினார்கள்.

இனி கருவியை உடம்பின் ஈரத்திலிருந்து காக்கும் உறைதான் கடினமான வேலை. பேஸ்மேக்கரின் டைட்டானியம் உறைக்குள் இவற்றை வைத்தால் வேகமாக மாறும் காந்தப்புலம் வலுவிழந்துவிடும். பிளாஸ்டிக் பூச்சு போட்டாலோ, உப்பு நீர் நிறைந்த உடம்பின் ஈரம் மெல்ல மெல்ல உள்ளே கசியும்.